ஓர் அட்டைக்குள் இரு சிப்கள்: கட்டட நுழைவுக்கான இரட்டைத் தொழில்நுட்ப அட்டைகள் பற்றிய முழுமையான வழிகாட்டி

கொழும்பில் சற்றுப் பழைய அலுவலகக் கட்டடங்கள், தொடர்மாடிகள் பலவற்றின் கதவோரங்களில் இன்றும் 125 கிலோஹேர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் அட்டை ரீடர்களே இருக்கின்றன. அவை பழுதாகவில்லை, அதனாலேயே எவரும் அவற்றை மாற்ற முனைவதில்லை. ஆனால் அந்த ரீடர்களுக்குக் காட்டப்படும் அட்டை, தன்னை அணுகும் எந்தக் கருவிக்கும் தன் இலக்கத்தை மறைப்பின்றிச் சொல்லிவிடும் இயல்புடையது. கைக்குள் அடங்கும் நகலெடுக்கும் கருவியும், திரும்ப எழுதக்கூடிய வெற்று அட்டையும் இணையக் கடைகளில் மலிவாகவே விற்கப்படுகின்றன. இந்நிலையிலிருந்து 13.56 மெகாஹேர்ட்ஸில் இயங்கும் பாதுகாப்பான அட்டைகளுக்கு, கட்டடத்தின் அன்றாட நடமாட்டம் தடைப்படாமல் மாறுவதற்கான வழிகளில் ஒன்றுதான், இவ்விரு வகைச் சிப்களையும் ஒன்றாகக் கொண்ட இரட்டைத் தொழில்நுட்ப அட்டை.

கட்டட முகாமையாளர்கள், தொடர்மாடி முகாமைத்துவக் குழுவினர், நிறுவனங்களின் தகவல் தொழில்நுட்பப் பிரிவினர் ஆகியோரை மனத்திற்கொண்டு இது எழுதப்படுகிறது. தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இரட்டை அட்டையின் பழைய பாதி எந்தக் கதவையாவது திறக்கும்வரை, அந்தக் கதவைப் பொறுத்தமட்டில் அது பழைய அட்டைதான். ஆகவே, பழைய பாதியை எந்தத் திகதியில் நிறுத்துவது என்பதை எழுத்தில் முடிவு செய்த பின்னரே விலைமனுக் கோர வேண்டும்.

அட்டைக்குள் இருப்பது என்ன?

வெளித்தோற்றத்தில் இது வங்கி அட்டையின் அளவே: 85.6 மில்லிமீற்றர் நீளம், 54 மில்லிமீற்றர் அகலம். உள்ளே ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு சிப்களும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியான கம்பிச் சுருளும் உள்ளன. 125 கிலோஹேர்ட்ஸ் சிப்புக்கு மெல்லிய செப்புக் கம்பியில் சில நூறு சுற்றுகள் தேவைப்படுகின்றன; 13.56 மெகாஹேர்ட்ஸ் சிப்புக்கு ஒரு சில சுற்றுகள் போதும். இரு அலைவரிசைகளுக்கும் இடையில் நூறு மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு இருப்பதால், ஒரே பிளாஸ்டிக்குக்குள் இருந்தும் அவை பெரிதாக ஒன்றையொன்று குழப்புவதில்லை. இரண்டிலும் பற்றரி கிடையாது. ரீடர் உண்டாக்கும் காந்தப் புலத்திலிருந்தே மின்சாரத்தைப் பெறுகின்றன.

விற்பனையாளர்கள் சிலர் இதனையும் இரட்டை இடைமுக அட்டையையும் ஒன்றெனப் பேசுவதுண்டு. இரட்டை இடைமுக அட்டை என்பது தங்கநிறத் தொடுதகடு வழியாகவும் தொடாமலும் வாசிக்கக்கூடிய ஒரே சிப்பைக் கொண்டது. வங்கி அட்டைகள் அவ்வகையின. விலைமனுவில் இச்சொற்கள் இடம் மாறினால் வந்திறங்கும் பெட்டியில் வேறு சரக்கு இருக்கும்.

முதலாம் படி: இரட்டை அட்டை தேவைதானா?

இக்கேள்வியைத் தவிர்த்துவிட்டே பலர் அட்டைகளை வாங்குகின்றனர். இரு அலைவரிசைகளையும் வாசிக்கும் பல்தொழில்நுட்ப ரீடர்களும் சந்தையில் உள்ளன. அவற்றைக் கதவுகளில் முதலில் பொருத்திவிட்டால், பழைய அட்டைகள் தொடர்ந்து இயங்கிக்கொண்டிருக்க, புதிதாக வழங்கும் அட்டைகளை 13.56 மெகாஹேர்ட்ஸ் மட்டும் கொண்டவையாக வழங்கலாம். இரட்டை அட்டைக்கு அங்கே வேலையே இல்லை.

எதை முதலில் மாற்றுவது என்பது கதவுகளின் எண்ணிக்கைக்கும் அட்டைகளின் எண்ணிக்கைக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக ஒரு தொடர்மாடியை எண்ணிப் பாருங்கள்: முன்வாசல், வாகனத் தரிப்பிடம், இரண்டு மின்தூக்கிகள், மொட்டைமாடி என ஆறேழு ரீடர்கள், ஆனால் குடும்பத்தினர், வீட்டுப் பணியாளர், வெளிநாட்டிலிருந்து ஆண்டுக்கொருமுறை வந்து தங்கும் உறவினர் என நூற்றுக்கணக்கான அட்டைகள். இங்கே ரீடர்களை மாற்றுவதே அறிவு. கனடாவில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரரின் அட்டையை உடனே திருப்பிப் பெற முடியாது என்பதும் இதற்கொரு காரணம். மாறாக, கொள்ளுப்பிட்டித் தலைமையகம், இரத்மலானைக் களஞ்சியம், வத்தளைக் கிளை எனப் பல இடங்களில் நூற்றுக்கு மேற்பட்ட ரீடர்களை வைத்திருக்கும் நிறுவனம் ஒன்று, அவற்றை ஒரே நிதியாண்டில் மாற்றப் பணம் ஒதுக்காது. அங்கே ஊழியர்களுக்கு முதலில் இரட்டை அட்டையைக் கொடுத்துவிட்டு, ரீடர்களைக் கிளை கிளையாக மாற்றிச் செல்லலாம்.

மூன்றாவது நிலைமையும் உண்டு. கோட்டைப் பகுதியின் உயர்ந்த கட்டடமொன்றில் இரண்டு மாடிகளை வாடகைக்கு எடுத்திருக்கும் நிறுவனத்துக்குத் தன் மாடிகளின் ரீடர்கள் சொந்தமாக இருந்தாலும், கீழ்த்தள வாயில் கட்டட உரிமையாளருடையது. அங்கே பழைய ரீடரே தொடருமாயின், நிறுவனத்தால் செய்யக்கூடியது ஊழியரின் கழுத்தில் இரண்டு அட்டைகள் தொங்காமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. இரட்டை அட்டை நிரந்தரமாக நீடிப்பதற்கு எனக்குத் தெரிந்த ஏற்கத்தக்க காரணம் இது ஒன்றுதான்; அப்போதும் நிறுவனத்தின் சொந்தக் கதவுகளில் பழைய பாதி இயங்கக் கூடாது.

இரண்டாம் படி: கதவுகளின் கணக்கெடுப்பு

ஓர் எக்செல் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு கதவுக்கும் ஒரு வரி எழுதுங்கள். ரீடரின் மாதிரி, அது வாசிக்கும் அலைவரிசை, கன்ட்ரோலரின் (ரீடர் அனுப்பும் இலக்கத்தைச் சரிபார்த்துப் பூட்டைத் திறக்கும் கருவியின்) மாதிரி, இரண்டுக்கும் இடையிலான வயரின் வகையும் நீளமும், பூட்டின் வகை, மின்வழங்கியின் அம்பியர் அளவு, பற்றரி மாற்றப்பட்ட திகதி என்பன அதில் இடம்பெற வேண்டும். மின்பிறப்பாக்கி அறை, தண்ணீர்த் தாங்கி இருக்கும் மேற்தளம், காவலாளியின் கூடு ஆகிய கதவுகள் கணக்கெடுப்பில் விடுபடுவது வழக்கம்; பின்னர் பழைய அலைவரிசை கடைசிவரை உயிர்வாழ்வதும் அவற்றில்தான்.

ரீடர் எந்த அலைவரிசையில் இயங்குகிறது என்பதை லேபிள் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாவிட்டால், இரு வகைகளிலும் ஒவ்வோர் அட்டையை எடுத்துச் சென்று காட்டிப் பாருங்கள். அனுமதி இல்லாவிட்டாலும் பல ரீடர்கள் வாசித்த அட்டைக்கு ஒலி எழுப்பும். வாசிக்காத அட்டைக்கு மௌனமாக இருக்கும்.

மூன்றாம் படி: இலக்கங்கள்

இத்திட்டங்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் இதுவே என்பதால் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

ரீடர் தான் வாசித்ததைக் கன்ட்ரோலருக்கு அனுப்பும் பழைய முறையின் பெயர் வீகாண்ட். அதன் மிகப் பரவலான வடிவம் 26 பிட்களைக் கொண்டது. முதற்பிட்டும் இறுதிப்பிட்டும் பிழை சரிபார்ப்புக்கு. இடையில் 8 பிட்கள் தள இலக்கம், அதாவது 0 முதல் 255 வரை. எஞ்சிய 16 பிட்கள் அட்டை இலக்கம், அதாவது 0 முதல் 65,535 வரை. இவ்வடிவம் எவருக்கும் சொந்தமில்லாதது; இலக்கங்களைப் பகிர்ந்தளிக்கும் மைய அமைப்பும் இல்லை. உங்கள் கட்டடத்திலும் அடுத்த தெருக் கட்டடத்திலும் ஒரே இலக்கம் கொண்ட இரு அட்டைகள் இருப்பதை எதுவும் தடுப்பதில்லை.

125 கிலோஹேர்ட்ஸில் இயங்கும் ஈஎம் 4100 வகை மலிவு அட்டைகளின் மேல் இரண்டு இலக்கங்கள் அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உதாரணமாக 0001234567 என்றும் அருகே 018,54919 என்றும் இருக்கும். இவை இரண்டும் ஒரே எண்ணின் இரு எழுத்துமுறைகள்: 18ஐ 65,536ஆல் பெருக்கி 54,919ஐக் கூட்டினால் 1,234,567 வரும். பழைய தரவுத்தளத்தில் ஒரு கிளை பத்து இலக்க வடிவத்திலும் மற்றொரு கிளை காற்புள்ளியிட்ட வடிவத்திலும் பதிந்திருந்தால், மாற்றத்துக்கு முன்னர் அவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருதல் அவசியம்.

13.56 மெகாஹேர்ட்ஸ் பக்கத்தில் வேறொரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு சிப்புக்கும் தொழிற்சாலையில் இடப்பட்ட தனியடையாள இலக்கம் ஒன்றுண்டு. இப்பக்கத்தின் பரவலான இரு சிப் வகைகளில், மைஃபேர் கிளாசிக்கில் அது பெரும்பாலும் 4 பைட், டெஸ்ஃபயரில் 7 பைட். பல ஒப்பந்தகாரர்கள் இந்த இலக்கத்தை மட்டும் ரீடர் வாசிக்குமாறு அமைத்துவிட்டு, பாதுகாப்பான அட்டைக்கு மாறிவிட்டதாகச் சொல்லிக் கட்டணப் பட்டியலை நீட்டுகின்றனர். தனியடையாள இலக்கம் எவ்வித இரகசியத் திறவுகோலும் (சிப்புக்கும் ரீடருக்கும் மட்டுமே தெரிந்திருக்க வேண்டிய எண்ணும்) இன்றி வாசிக்கப்படுவது. அதைப் போலியாகக் காட்டும் அட்டைகளும் கிடைக்கின்றன. அவ்வாறு அமைத்த கதவு, விலை உயர்ந்த அட்டையைக் கொண்டு பழைய வேலையையே செய்கிறது. மேலும், 7 பைட் இலக்கத்தை 26 பிட்டுக்குள் அடக்குவதற்கு ரீடர் அதில் ஒரு பகுதியை வெட்டிவிடுவதால், இரு வேறு அட்டைகள் ஒரே இலக்கமாகத் தோன்றவும் கூடும். மேசையில் வைத்துப் பதியும் ரீடரும் கதவு ரீடரும் பைட்களை எதிரெதிர் வரிசையில் அனுப்பினால், பதிந்த அட்டை கதவைத் திறக்காது; ஒப்பந்தகாரர் அட்டையையே குறை சொல்வார். ஆகவே ரீடர் வாசிக்க வேண்டியது, சிப்பினுள் திறவுகோலால் பாதுகாக்கப்பட்ட கோப்பில் நீங்கள் எழுதிய இலக்கத்தையே.

அட்டையின் இரு பாதிகளுக்கும் ஒரே இலக்கத்தை இடுவதா, வேறு வேறு இலக்கங்களா என்ற கேள்வி அடுத்து எழும். ஒரே இலக்கம் என்றால் தரவுத்தளத்தைத் தொட வேண்டியதில்லை. விற்பனையாளர் அதையே பரிந்துரைப்பார். நான் வேறு இலக்கங்களையே பரிந்துரைப்பேன். ஒரே இலக்கமாக இருந்தால், கதவைத் திறந்தது பாதுகாப்பான பாதியா, அல்லது பழைய பாதியின் நகலா என்பதைக் கன்ட்ரோலர் அறிய வழியில்லை. வேறு இலக்கங்களாக இருந்து, இரண்டும் ஒரே ஊழியரின் பெயரில் பதியப்பட்டிருந்தால், யார், எந்தக் கதவில், இன்னும் பழைய பாதியைப் பயன்படுத்துகிறார் என்பது பதிவேட்டிலிருந்தே தெரியும். இறுதிப் படியில் இத்தகவல் இல்லாமல் நகர முடியாது.

நான்காம் படி: சிப்பின் தெரிவும் திறவுகோல்களின் உரிமையும்

மைஃபேர் கிளாசிக் 1994இல் வந்தது. அதன் கிரிப்டோ-1 மறைமுறை (தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மறைக்கும் முறை) 48 பிட் திறவுகோலைக் கொண்டது. 2007 டிசெம்பரில் பேர்லினில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் அதன் உட்கட்டமைப்பு வெளிப்படுத்தப்பட்டது, 2008இல் நெதர்லாந்தின் நைமேகன் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை உடைக்கும் முறையை வெளியிட முற்பட்டபோது, தயாரிப்பாளரான என்எக்ஸ்பி தடையுத்தரவு கோரி நீதிமன்றம் சென்றது, நீதிமன்றம் மறுத்துவிட்டது. இவ்வளவு காலத்துக்குப் பின்னரும் ஸ்மார்ட் அட்டை என்ற பெயரில் விலைமனுக்களில் அதிகம் காணப்படுவது இதுவும் இதன் போலச்செய்த வடிவங்களுமே. அவ்வடிவங்களில் ஒன்றான ஷாங்ஹாய் ஃபூடான் நிறுவனச் சிப்பில் பின்கதவுத் திறவுகோல் ஒன்று இருப்பது 2024 ஆகஸ்டில் அம்பலமானது. புதிய திட்டத்துக்கு இவ்வகையைத் தெரிவு செய்ய எந்த நியாயமும் இல்லை.

ஏஇஎஸ்-128 மறைமுறையைக் கொண்ட டெஸ்ஃபயர் ஈவி2 அல்லது ஈவி3, இல்லாவிட்டால் எச்ஐடி நிறுவனத்தின் சியோஸ் போன்றவற்றைக் கேளுங்கள். வெறுமனே டெஸ்ஃபயர் என்று எழுதுவது போதாது. அதன் முதற்தலைமுறைச் சிப்பின் திறவுகோலை மின்நுகர்வை அளந்தே பிரித்தெடுக்கலாம் என்று ஜெர்மனியின் போகும் நகரத்து ரூர் பல்கலைக்கழகத்தினர் 2011இல் காட்டினர்.

சிப்பை விடத் திறவுகோல் முக்கியமானது. டெஸ்ஃபயர் அட்டை தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதன் தலைமைத் திறவுகோல் முழுவதும் பூச்சியங்களாகவே இருக்கும். அதை மாற்றாமல் விட்டால் எவரும் உள்ளே நுழைந்து புதிய பயன்பாடுகளை எழுதலாம். மாற்றுபவர் யார் என்பதே கேள்வி. வழங்குநரின் திறவுகோலை ஏற்றுக்கொண்டால், அடுத்த தடவையும் அவரிடமே அட்டை வாங்க வேண்டும். அதே திறவுகோலை அவர் வேறு வாடிக்கையாளருக்கும் பயன்படுத்துகிறாரா என்பதும் உங்களுக்குத் தெரியாது. திறவுகோல் உங்களுடையதாக இருக்க வேண்டும் என ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அதை இரண்டு பகுதிகளாகப் பிரித்து, இரு வேறு உத்தியோகத்தர்கள் தத்தம் பகுதியைத் தாமே உட்செலுத்தி, முத்திரையிட்ட உறைகளில் இரு வேறு பெட்டகங்களில் வைப்பதே வழமையான முறை. மின்னஞ்சலிலோ வட்ஸ்அப்பிலோ அது போகவே கூடாது. அத்தோடு, ஒவ்வோர் அட்டைக்கும் அதன் தனியடையாள இலக்கத்தைக் கொண்டு வெவ்வேறு திறவுகோல் கணிக்கப்பட வேண்டும் என்றும் கேளுங்கள். அப்போது ஓர் அட்டை உடைக்கப்பட்டாலும் மற்றவை தப்பும்.

ஐந்தாம் படி: ரீடரும் வயரும் மின்சாரமும்

அட்டையை எவ்வளவு பாதுகாப்பாக்கினாலும், ரீடரிலிருந்து கன்ட்ரோலருக்குச் செல்லும் வீகாண்ட் வயர்களில் இலக்கம் மறைப்பின்றியே ஓடும். ரீடரைச் சுவரிலிருந்து கழற்றி, பின்னால் ஒரு சிறு கருவியை இணைப்பவருக்கு எல்லா இலக்கங்களும் கிடைத்துவிடும். ஆர்எஸ்-485 வயரில் ஏஇஎஸ் மறைமுறையுடன் பேசும் ஓஎஸ்டிபி நெறிமுறை இதற்கான விடை. 2020இல் அது ஐஈசி 60839-11-5 என்ற சர்வதேசத் தரமாகவும் ஆயிற்று. வீகாண்ட் ஏறத்தாழ 150 மீற்றருக்கு மேல் நம்பகமற்றது, ஆர்எஸ்-485 ஏறத்தாழ 1,200 மீற்றர்வரை செல்லும் என்பதால், தரிப்பிட நுழைவாயில் தொலைவில் இருக்கும் வளாகங்களுக்கு அது வேறு வகையிலும் உதவும். பாதுகாப்பான பேச்சுமுறை தானாக இயங்காது. ரீடரிலும் கன்ட்ரோலரிலும் அதை இயக்கியிருக்கிறார்களா என்று நேரில் பாருங்கள்.

இரு அலைவரிசைகளையும் வாசிக்கும் ரீடருக்கு இரட்டை அட்டையைக் காட்டும்போது இரு பாதிகளும் பதிலளிக்க முனையும். எது முதலில் வாசிக்கப்படுகிறதோ அதுவே கன்ட்ரோலருக்குப் போகும். சில வேளைகளில் இரண்டும் போய், ஒருவர் அடுத்தடுத்து இரு தடவை நுழைந்ததாகப் பதிவாகும். ரீடரின் அமைப்பில் 13.56 மெகாஹேர்ட்ஸுக்கு முன்னுரிமை கொடுக்கும் தெரிவு இருக்கிறதா என்பதை வாங்குவதற்கு முன்னரே உறுதிப்படுத்துங்கள்.

உலோகக் கதவுச் சட்டத்தில் ரீடரை நேரடியாகப் பொருத்தினால் வாசிப்புத் தூரம் குறையும். அடியில் இடைத்தகடு வைக்க வேண்டும். மெல்லிய தடுப்புச் சுவரின் இருபுறமும் ஒன்றின் முதுகில் ஒன்றாக ரீடர்களைப் பொருத்துவதும் தொல்லை தரும். கடலோரமாக, மரின் டிரைவ் பக்கம் திறந்த வாயில்களில் உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரித்துவிடும். பிசின் ஊற்றி அடைக்கப்பட்ட ரீடரையே அங்கு கேளுங்கள்.

மின்சாரத்தையும் மீளக் கணக்கிட வேண்டும். 280 கிலோகிராம் இழுவிசை கொண்ட மின்காந்தப் பூட்டு 12 வோல்ட்டில் அரை அம்பியர் அளவு எடுக்கும். ரீடர், கன்ட்ரோலர் ஆகியவற்றோடு மொத்தம் 0.8 அம்பியர் என்று கொண்டால், 7 அம்பியர்-மணிப் பற்றரி தாளில் எட்டரை மணித்தியாலத்துக்கு மேல் தாங்கும். இரண்டு வருடம் வெப்பத்தில் கிடந்த பற்றரி அதில் பாதிகூடத் தாங்குமென எதிர்பார்க்க வேண்டாம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று நுழைந்ததால் நாடே இருண்டதாகச் சொல்லப்பட்டதையும் நினைவிற்கொண்டவர்கள் பற்றரிக்குச் செலவிடத் தயங்க மாட்டார்கள். தீ எச்சரிக்கை ஒலித்தால் பூட்டுக்கான மின்சாரம் வயர் வழியே நேரடியாகத் துண்டிக்கப்பட வேண்டும். மென்பொருளை நம்பி அதை விடக் கூடாது.

ஆறாம் படி: வெள்ளோட்டம்

ஒரு மாடியையும் முப்பது பேரளவில் ஒரு குழுவையும் தெரிவு செய்து சில வாரங்கள் ஓட்டிப் பாருங்கள். அட்டையைப் பணப்பைக்குள் வைத்தபடி, கைத்தொலைபேசி உறைக்குள் வைத்தபடி, வங்கி அட்டையுடன் சேர்த்து எனப் பல விதமாகக் காட்டச் சொல்லுங்கள். மாதிரி அட்டைகளிலேயே அச்சிட்டும் பாருங்கள். சிப் இருக்கும் இடத்தில் மேற்பரப்பு சற்றுப் புடைத்திருந்தால் நேரடி அச்சு இயந்திரங்கள் அங்கே வெள்ளைப் புள்ளி விடும். தொங்கவிடுவதற்குத் துளையிட வேண்டாம். சுருள் எங்கே ஓடுகிறது என்ற வரைபடம் இல்லாமல் இடும் துளை, இரண்டில் ஒரு பாதியைக் கொன்றுவிடும். மறுபாதி இயங்குவதால் நெடுநாள் எவருக்கும் தெரியாமலும் இருக்கும். பிளாஸ்டிக் உறையே போதும்.

ஏழாம் படி: வழங்குதல்

புதிய அட்டையைக் கொடுக்கும் அதே மேசையில் பழைய அட்டையைத் திரும்பப் பெற்றுவிடுங்கள். ஒழுங்குக்காக மட்டுமன்றி, பௌதிகக் காரணத்துக்காகவும் இதைச் சொல்கிறேன். ஈஎம் 4100 வகைச் சிப்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்டவை ஒரே நேரத்தில் பேசும்போது முறை வைத்துப் பேசும் ஏற்பாடு கிடையாது. பழைய அட்டையும் இரட்டை அட்டையும் ஒரே உறையில் இருந்தால், இரண்டு 125 கிலோஹேர்ட்ஸ் சிப்களும் ஒன்றன்மேல் ஒன்று பேசி, பழைய ரீடர் எதையும் வாசிக்காது. முதல் வாரத்தில் வரும் முறைப்பாடுகளில் பல இதனால் வருபவையே.

அறிவித்தல்களைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் ஒட்டுங்கள். துப்புரவுப் பணியாளர்களுக்கும் காவலாளிகளுக்கும் வாயால் விளக்குவது நல்லது. விருந்தினர் அட்டைகள், தற்காலிக ஒப்பந்தகாரர் அட்டைகள் ஆகியவற்றை இரட்டையாக வாங்க வேண்டாம். புதிய ரீடர் பொருத்திய வாயில்களுக்கு மட்டும் செல்லும் 13.56 மெகாஹேர்ட்ஸ் அட்டைகளாகக் கொடுங்கள். யார் எப்போது உள்ளே வந்தார் என்ற பதிவேடு தனிநபர் தரவு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்த்து, எவ்வளவு காலம் வைத்திருப்பது, யார் பார்க்கலாம் என்பதை எழுத்தில் வையுங்கள்.

எட்டாம் படி: பழைய பாதியை நிறுத்துதல்

ரீடர்கள் மாற்றப்பட்ட கிளைகளில், பழைய பாதியின் இலக்கத்தால் திறக்கப்பட்ட கதவுகளின் பட்டியலை வாரந்தோறும் எடுங்கள். முதலில் நீளமாக இருக்கும் பட்டியல் விரைவில் சில பெயர்களாகவும் சில கதவுகளாகவும் சுருங்கும். ஒரே பெயர் எல்லாக் கதவுகளிலும் வந்தால் அவருடைய அட்டையின் புதிய பாதி பழுது. ஒரே கதவில் பல பெயர்கள் வந்தால் அந்த ரீடரின் அமைப்பு பிழை. அட்டையைப் பெற்றுக்கொண்ட பின்னரும் புதிய பாதியை ஒரு தடவையேனும் பயன்படுத்தாதவர் எவராவது இருந்தால், அவர் கையில் இருப்பது நீங்கள் கொடுத்த அட்டைதானா என்று நேரில் பாருங்கள்.

குறித்த திகதியில் இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். கன்ட்ரோலரிலிருந்து பழைய இலக்கங்கள் அனைத்தும் நீக்கப்பட வேண்டும். ரீடர்களில் 125 கிலோஹேர்ட்ஸ் வாசிப்பே அணைக்கப்பட வேண்டும். முதலாவதை மட்டும் செய்தால், பின்னொரு நாள் அவசரத்தில் யாரோ ஒருவர் பழைய அட்டையொன்றை மீண்டும் பதிந்து வைப்பார். இரண்டாவதைச் செய்ய முடியாத ரீடர் எஞ்சியிருந்தால், அது மாற்றப்பட வேண்டிய ரீடர்.

பின்னர் ஒரு பழைய அட்டையையும் ஓர் இரட்டை அட்டையையும் எடுத்துக்கொண்டு, இரண்டாம் படியில் தயாரித்த எக்செல் கோப்பின் வரிசைப்படி கதவு கதவாகச் செல்லுங்கள். பழைய அட்டைக்கு ரீடர் ஒலியெழுப்பவே கூடாது. இரட்டை அட்டைக்குத் திறக்க வேண்டும். பதிவேட்டில் புதிய இலக்கம் ஒரு தடவை மட்டும் விழ வேண்டும். மூன்றும் சரியான கதவுகளுக்கு எதிரே திகதியிட்டுக் கையொப்பமிடுங்கள். எல்லா வரிகளும் நிரம்பும்வரை ஒப்பந்தகாரரின் இறுதிக் கொடுப்பனவை விடுவிக்க வேண்டாம். அடுத்த தொகுதி அட்டைகளை 125 கிலோஹேர்ட்ஸ் சிப் இல்லாதவையாகவே வாங்குங்கள்.